கல்லாப் பணம் யாருடையது? குடும்பக் கணக்கும் பிள்ளைகளுக்கான பணப் பாடமும்



மாலை வியாபாரம் முடிந்து கல்லாவைத் திறந்தால் நோட்டுகள் நிறைந்திருக்கும். இக்காலத்தில் வரவின் ஒரு பகுதி கைப்பேசி வழியாக நேரே வங்கிக் கணக்கில் ஏறிவிடுகிறது. எவ்வழியில் வந்தாலும் பணம் பணம்தான். பள்ளி விட்டுக் கடைக்கு வந்து உட்காரும் நம் பிள்ளை இதைத் தினமும் பார்க்கிறான். "அப்பா, நம்மகிட்டதான் இவ்வளவு பணம் இருக்கே, சைக்கிள் வாங்கித் தர மாட்டேங்கிறீங்களே" என்று கேட்கிறான். சிறுவன் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. பல வீடுகளில் பெரியவர்களும் கல்லாவை அதே கண்ணோடு பார்த்துச் செலவு செய்வதுதான் கவலைக்குரியது.

மாதச் சம்பளக்காரர் வீட்டில் ஒன்றாம் தேதி ஒரு தொகை வரும். அது தீர்ந்தால் அடுத்த மாதம்வரை கை கட்டப்பட்டுவிடும். நம் வீட்டில் அப்படியில்லை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் தினமும் பணம் இருக்கிறது. எனவே கட்டுப்பாட்டை நாமே ஏற்படுத்திக்கொண்டாக வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டின் கணக்கையும், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. நூறு ரூபாயில் நமக்கு எவ்வளவு?

ஒரு நடுத்தர மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் விற்பனை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்.

விற்பனை: 15,000
விற்ற சரக்கின் கொள்முதல் விலை: 13,200
மொத்த லாபம்: 1,800
கடை வாடகை, நாளொன்றுக்கு: 300
ஆள் கூலி: 450
மின்சாரம், பை, வண்டிக்கூலி, கழிவு: 150
செலவு போக மிச்சம்: 900

அதாவது நூறு ரூபாய் விற்றால் 88 ரூபாய் மொத்த வியாபாரிக்குச் சொந்தம். 6 ரூபாய் வாடகைக்கும் கூலிக்கும் போகிறது. நமக்கு நிற்பது 6 ரூபாய். இந்த விகிதம் கடைக்குக் கடை மாறும். ஜவுளியில் ஒரு மாதிரி, மருந்தில் ஒரு மாதிரி, அரிசி மண்டியில் இன்னும் குறைவு. உங்கள் கடையின் விகிதத்தைச் சென்ற ஆண்டு லாப நட்டக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன கடைக்கு மாதம் முப்பது நாளும் வியாபாரம் நடந்தால் 27,000 ரூபாய் மிஞ்சும். அந்த வீட்டுக்கு ரொக்கமாக 30,000 ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய் என்று சரக்காக 4,000 ரூபாயும் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 7,000 ரூபாய் துண்டு விழுகிறது. ஆண்டுக்கு 84,000 ரூபாய். இந்தத் தொகை எங்கிருந்து வந்தது? கடையின் முதலிலிருந்து வந்தது. சரியாகச் சொன்னால், மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய பணத்திலிருந்து வந்தது.

இப்படிக் கரைவது முதல் ஆண்டில் வெளியே தெரியாது. பில் பத்து நாள் தாமதமாகும். பிறகு ஒரு மாதம் தாமதமாகும். மொத்தக் கடைக்காரர் கடனுக்குச் சரக்கு அனுப்புவதைக் குறைப்பார். அலமாரியில் இடைவெளி விழும். வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போவார். வியாபாரம் குறைந்ததால் கடை நொடித்தது என்று ஊர் பேசும். ஆனால் பேரேட்டைப் புரட்டினால், நல்ல வியாபாரம் நடந்த நாட்களிலேயே வீட்டுச் செலவு முதலை அரிக்கத் தொடங்கியிருப்பது தெரியும்.

2. கடைப் பை வேறு, வீட்டுப் பை வேறு

கடை வேறு, கடைக்காரர் வேறு என்பது கணக்குப் பதிவியலின் முதல் விதிகளில் ஒன்று. உரிமையாளர் போட்ட பணம் 'முதல்'. அவர் சொந்தத்துக்கு எடுத்தது 'எடுப்பு'. எடுப்பு கடையின் செலவாகாது. அது முதலைக் குறைக்கும். 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சான தமது கணித நூலில் லூக்கா பசியோலி என்ற துறவி இரட்டைப் பதிவு முறையை எழுதிவைத்தார். அந்நகர வணிகர்கள் அதற்கு முன்பே கையாண்டுவந்த முறை அது. அதை நடைமுறையில் கடைப்பிடிக்க நான்கு வழிகள் சொல்கிறோம்.

முதலாவது, கடைக்காரர் தமக்கு ஒரு மாதச் சம்பளம் நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். தீபாவளி மாத லாபத்தை வைத்து இதை நிர்ணயிக்கக் கூடாது. சென்ற ஆண்டில் மிகவும் மந்தமாக இருந்த மூன்று மாதங்களை எடுத்து, அவற்றின் சராசரி லாபத்துக்குள் வீட்டுச் சம்பளம் அடங்க வேண்டும். பொங்கல், தீபாவளி, பள்ளி திறப்பு போன்ற காலங்களில் மிஞ்சும் பணம் மழைக்கால மந்தத்துக்கும், முதலைப் பெருக்கவும், பிள்ளைகளின் படிப்புக்கும் போக வேண்டும்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு இரண்டாக இருக்கட்டும். கடைக்கு நடப்புக் கணக்கு, வீட்டுக்குச் சேமிப்புக் கணக்கு. மேசைமேல் ஒட்டியிருக்கும் ஸ்கேன் அட்டை கடைக் கணக்கோடு மட்டும் இணைந்திருக்க வேண்டும். வீட்டுக்காரரின் சொந்தக் கணக்கில் கடை வசூலை வாங்கினால், எது விற்பனை, எது உறவினர் அனுப்பியது என்று ஆண்டு முடிவில் பிரிக்க முடியாமல் தணிக்கையாளரிடம் திண்டாட நேரும்.

மூன்றாவது, வீட்டுக்கு எடுக்கும் சரக்கு ஒரு பொட்டலம் உப்பானாலும் சிட்டையில் ஏற வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி சொந்த உபயோகத்துக்கு எடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. எனவே இது சட்டத்துக்கும் தேவைப்படும் பதிவு.

நான்காவது, வீட்டுச் சம்பளத்தை இல்லத்தரசியிடம் முழுமையாக ஒப்படைத்து, வீட்டுக் கணக்கை அவரே எழுதட்டும். உணவு, வாடகை, மின்சாரம் ஒரு தலைப்பு. படிப்பு ஒரு தலைப்பு. மருத்துவமும் காப்பீடும் ஒரு தலைப்பு. விசேஷம், மொய், கோயில், நன்கொடை ஒரு தலைப்பு. சேமிப்பு ஒரு தலைப்பு. இந்த ஐந்து போதும். சேமிப்பை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றதைச் செலவு செய்வதே சரியான வரிசை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியவர்கள் சொன்னதுதானே.

3. முன்னோர் பிள்ளைகளைப் பழக்கிய விதம்

பர்மா, மலேயா, இலங்கை ஆகிய இடங்களில் லேவாதேவி நடத்திய நகரத்தார் கடைகளில் வேலை பழகச் சேரும் சிறுவனுக்குப் 'பெட்டியடிப் பையன்' என்று பெயர். பணப் பெட்டியின் அருகிலிருந்து வேலை கற்றுக்கொள்பவன் என்று அந்தப் பெயரே சொல்கிறது. எடுபிடி வேலையில் தொடங்கி, கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாகி, பின்னர் ஒரு கடையையே நடத்தும் பொறுப்புக்கு வருவார்கள். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம். கால், அரைக்கால், மாகாணி என்று தொடங்கி, முந்நூற்று இருபதில் ஒரு பங்கான முந்திரிவரை பிள்ளைகள் வாயாலேயே கணக்குப் போட்டார்கள்.

விருதுநகர் வணிகர்களிடமிருந்து இன்னொரு பாடம். அங்கே சமையலுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே போட்டுவைத்து, அந்தப் பிடியரிசியால் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பெருந்தலைவர் காமராசர் படித்த பள்ளியும் அப்படிப் பிடியரிசியால் வளர்ந்ததே. வியாபாரத்தில் மகமை எடுத்து வைத்ததும் இதே கருத்தில்தான். மிஞ்சினால் கொடுப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. உலை வைக்கும் முன்பே எடுத்து வைத்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்குச் சேமிப்பும் ஈகையும் தனிப் பாடமாகத் தேவைப்பட்டிருக்காது.

இன்றைய குழந்தைக்கு ஒரு சிரமம் உண்டு. பணம் கைமாறுவதை அது பார்ப்பதில்லை. கைப்பேசியைக் காட்டியதும் பொருள் வருகிறது. பணம் குறைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. முன்பு பள்ளிகளில் நடந்த சஞ்சாயிகா சிறுசேமிப்பில் பிள்ளைகள் தங்கள் கையாலேயே காசைக் கட்டி, அட்டையில் வரவு பார்த்தார்கள். அந்த அனுபவத்தை நாம்தான் வீட்டில் உண்டாக்க வேண்டும்.

4. வயதுக்கு ஏற்ற பாடம்

ஐந்து முதல் எட்டு வயது வரை: காசை எண்ணப் பழகட்டும். சில்லறை பிரித்து அடுக்கட்டும். ஓர் உண்டியல் வாங்கிக் கொடுத்து, அவன் விரும்பும் ஒரு பொருளுக்காகச் சேர்க்கச் சொல்லுங்கள். நூறு ரூபாய் சேர ஐந்து வாரம் ஆனால் ஐந்து வாரமும் காத்திருக்கட்டும். பாதியில் நாம் இரக்கப்பட்டு மீதியைப் போட்டுவிட்டால் பாடம் கெட்டுப்போகும்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரை: வாரம் ஒரு நாள், ஒரே தொகை, கைச்செலவுக்குக் கொடுங்கள். தொகை சிறிதாக இருக்கலாம். கேட்கும்போதெல்லாம் கொடுப்பது கூடாது. அதோடு ஒரு நோட்டும் கொடுங்கள். வரவு, செலவு, இருப்பு என மூன்று பத்தி. வார முடிவில் நோட்டில் உள்ள இருப்பும் கையில் உள்ள இருப்பும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். எதற்குச் செலவழித்தாய் என்று திட்ட வேண்டாம். இருப்பு ஒத்துப் போகாவிட்டால் மட்டும் உட்கார்ந்து தேடச் சொல்லுங்கள். பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கை இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. தொகை வரம்பை அந்தந்த வங்கி வகுக்கிறது.

இந்த வயதில்தான் நூறு நாணயப் பாடத்தை நடத்த வேண்டும். கல்லாவிலிருந்து நூறு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து மேசையில் பரப்புங்கள். "இது நம்ம கடை விற்பனை" என்று சொல்லுங்கள். 88 நாணயத்தைப் பிள்ளையையே எண்ணி ஒதுக்கச் சொல்லுங்கள். அது சரக்குக்கு. பிறகு 6 நாணயம் வாடகைக்கும் கூலிக்கும். மிச்சம் இருக்கும் 6 நாணயத்தை அவன் கையில் கொடுங்கள். முப்பது ரூபாய் ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டுமானால் கடையில் எத்தனை ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று கேளுங்கள். 500 ரூபாய் என்று அவனே கண்டுபிடிப்பான். அன்று முதல் கல்லாவைப் பார்க்கும் பார்வை மாறும்.

பதின்மூன்று முதல் பதினைந்து வயது வரை: விடுமுறை நாட்களில், பள்ளி நேரம் போக, கடையில் சிறிது நேரம் இருக்கலாம். குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத வேலைக்கு இப்படி உதவுவதைக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதிக்கிறது. படிப்பைக் கெடுத்துக் கல்லாவில் உட்கார வைப்பது சட்டத்துக்கும் பொருந்தாது, பிள்ளைக்கும் நல்லதல்ல. இந்த வயதில் லாப விகிதம் கற்றுக் கொடுங்கள். 100 ரூபாய்க்கு வாங்கி 125 ரூபாய்க்கு விற்றால் வாங்கிய விலையின்மேல் லாபம் நூற்றுக்கு 25. விற்ற விலையின்மேல் நூற்றுக்கு 20 தான். அனுபவம் உள்ள கடைக்காரர்கூட இங்கே தடுமாறித் தள்ளுபடி அறிவித்துக் கையைச் சுட்டுக்கொள்வதுண்டு.

கடன் பாக்கியையும் இப்போதே விளக்குங்கள். 'கடன் அன்பை முறிக்கும்' என்று நம் கடைகளில் பலகை வைத்தது ஏன் என்று சொல்லுங்கள். நூறு ரூபாய்ச் சரக்கு கடனில் போய் வராவிட்டால் நம் கையை விட்டுப் போனது 88 ரூபாய் முதல். அதை 6 ரூபாய் வீதம் திரும்பச் சம்பாதிக்க ஏறத்தாழ 1,470 ரூபாய்க்கு வியாபாரம் நடக்க வேண்டும்.

பதினாறு வயதுக்கு மேல்: வட்டியைக் கற்றுத்தர வேண்டிய வயது. தண்டல் பணத்தை எடுத்துக்காட்டாக வையுங்கள். 10,000 ரூபாய் கடன். 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் கையில் தருகிறார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாளில் அடைக்க வேண்டும். வட்டி எவ்வளவு என்று கேட்டால் பிள்ளை "நூற்றுக்குப் பத்து" என்பான். உட்கார்த்திக் கணக்குப் போடச் சொல்லுங்கள். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக நம் கையில் இருந்தது ஏறத்தாழ 4,500 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி. ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 80 ஆகிறது. மாதம் 'இரண்டு வட்டி' என்பது ஆண்டுக்கு 24. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாகும் ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும். 6 வட்டி தரும் வைப்பு நிதி இரட்டிப்பாக 12 ஆண்டு. 24 வட்டிக் கடனைக் கட்டாமல் விட்டால் இரட்டிப்பாக 3 ஆண்டு. சேமிப்பு நடந்து போகிறது, கடன் ஓடி வருகிறது என்பது அப்போது விளங்கும். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருப்பதையும் சொல்லி வையுங்கள்.

கைப்பேசி மோசடியும் இந்த வயதுப் பாடமே. பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணைப் போடத் தேவையில்லை. பணம் அனுப்புவதற்குத்தான் அது தேவை. இந்த ஒரு விதி மனதில் பதிந்தால் எத்தனையோ ஏமாற்றுகளிலிருந்து தப்பலாம்.

5. மகளுக்கும் அதே பாடம்

மகனைக் கல்லாவில் அமர்த்துகிறோம். மகளிடம் "உனக்கு எதுக்கும்மா இந்தக் கணக்கெல்லாம்" என்கிறோம். இது இனியும் தொடரக் கூடாது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டிலேயே வந்தது. நாடு முழுவதற்கும் 2005ஆம் ஆண்டில் வந்தது. உரிமை உள்ளவருக்குக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால், 2015ஆம் ஆண்டில் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் ரூபாய். பணம் கட்டப் போகும்போது மகளையும் அஞ்சலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பாஸ்புத்தகத்தில் பதிவதை அவள் பார்க்கட்டும்.

6. வீட்டாருக்கு மறைக்கக் கூடாத கணக்கு

கடைக்காரர் திடீரென்று படுத்துவிட்டால் என்ன ஆகும்? துக்கம் கேட்க வருபவர்களில் நால்வர் "எனக்கு இவ்வளவு பாக்கி" என்பார்கள். நமக்குத் தர வேண்டியவர் பேசாமல் போய்விடுவார். வீட்டில் இருப்பவர்களுக்கு எது உண்மை என்று தெரியாது. கணவரின் சிட்டையில் உள்ள குறுக்கெழுத்துகளை அவரைத் தவிர யாரும் படிக்க முடியாது. நன்றாக நடந்த எத்தனையோ கடைகள் இப்படிச் சில மாதங்களில் கைமாறியிருக்கின்றன. ஈடாகப் போனது முதல் மட்டுமல்ல, பிள்ளைகளின் படிப்பும் சேர்த்து.

ஆகவே ஒரு தடித்த நோட்டில் ஐந்து பட்டியல் எழுதி வையுங்கள். நாம் தர வேண்டியவை. நமக்கு வர வேண்டியவை. வங்கி, அஞ்சலகக் கணக்குகள். சீட்டுகளும் காப்பீடுகளும். கடை வாடகை ஒப்பந்தம், உரிமங்கள், பத்திரங்கள் இருக்கும் இடம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்தி எழுதி, மனைவியும் பதினாறு வயது கடந்த பிள்ளைகளும் படிக்கும்படி செய்யுங்கள். கணக்குகளில் நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். வங்கி வைப்புக்குக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான். 2020 பிப்ரவரி முதல் உள்ள வரம்பு இது. பெருந்தொகை இருப்பவர்கள் ஒரே வங்கியில் வைக்காமல் பிரித்து வைப்பது நல்லது.

கடன் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தால் மனம் உடைவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். வளர்ந்த பிள்ளைக்கு நிலைமையை அளவோடு சொன்னால், கேட்கும் பொருளை அவனே தள்ளிப்போடுவான். ஒன்றும் சொல்லாமல் மறுத்தால், அப்பா கஞ்சன் என்றுதான் நினைப்பான்.

7. செய்து பார்க்க வேண்டியவை

(அ) சென்ற மாதம் வீட்டுக்கு எடுத்த ரொக்கம், சரக்கு இரண்டையும் கூட்டுங்கள். அதே மாத நிகர லாபத்தோடு ஒப்பிடுங்கள்.

(ஆ) உங்கள் கடையின் நூறு ரூபாய் விற்பனையில் உங்களுக்கு நிற்பது எவ்வளவு என்று கண்டுபிடித்து, அந்த எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

(இ) ஒரு கடைக்கு நூற்றுக்கு 5 ரூபாய் நிற்கிறது. பள்ளிக் கட்டணம் 20,000 ரூபாய். அதற்கு எவ்வளவு விற்க வேண்டும்? (விடை: 4,00,000 ரூபாய்.)

(ஈ) தினம் பத்து ரூபாய் உண்டியலில் போட்டால், வட்டி சேர்க்காமல், பத்து ஆண்டில் எவ்வளவு? (விடை: 36,500 ரூபாய்.)

சித்திரை முதல் நாளிலும் ஆயுத பூஜையிலும் புது நோட்டுக்கு மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போடும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அவரவர் வழக்கப்படி அடுத்த புதுக்கணக்கு நாளில் கடை நோட்டோடு வீட்டு நோட்டு ஒன்றையும், பிள்ளைக்கு ஒரு சிறு நோட்டையும் சேர்த்து வையுங்கள். மூன்றிலும் முதல் வரவை அவரவர் கையால் எழுதட்டும். அன்று மாலையே கல்லாவைப் பூட்டும்போது, வீட்டுச் சம்பளத்தைத் தவிர ஒரு ரூபாயும் அதிலிருந்து வீட்டுக்கு வராது என்று நாமும் உறுதி எடுத்துக்கொள்வோம்.